பாம்புக்கும் ஒரு வைத்தியரா?

வீட்டுப் பசு தீனி எடுக்காவிட்டால் மிருக வைத்தியரைத் தேடி ஓடுகிறோம். நாயின் காதில் உண்ணி கண்டால் இருந்து பிடுங்குகிறோம். கோழிக்குச் சீக்கு வந்தால்கூட, அயல் வீட்டாரிடமாவது மருந்து விசாரிக்கிறோம். பாம்புக்கு நோய் வந்தால் என்ன செய்வது? இக்கேள்வியைக் கேட்டதும் வாசகர்களிற் பலர் சிரிக்கக்கூடும். "அடித்துக் கொல்ல வேண்டியதற்கு மருந்து வேறா?" என்று கேட்பவர்களும் இருப்பர். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாம்பு என்ற சொல்லும் தடி என்ற சொல்லும் எமது வீடுகளில் ஒன்றாகவே ஒலித்து வந்திருக்கின்றன.

ஆயினும் இது சிரித்துவிட்டு விடக்கூடிய கேள்வி அன்று. ஓர் உயிரைப் பிடித்துக் கூட்டில் அடைத்தபின் அதற்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டவர்கள் என்ற பெரிய கேள்வி இதனுள் இருக்கிறது. அன்புக்குரிய பிராணிகளை வைத்து இக்கேள்விக்கு விடை காண்பது எளிது. எவருக்கும் பிடிக்காத ஒரு பிராணியை முன்வைத்துக் கேட்கும்போதுதான் விடையின் உண்மை விளங்கும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சீவன்

ஐக்கிய அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, ஜேர்மனி ஆகிய நாடுகளில் பாம்பை வீட்டில் வளர்ப்போர் ஏராளம். அந்நாடுகளில் எமது உறவுகளும் வாழ்கின்றன. நாளை ரொறன்ரோவிலிருந்து ஒரு பேரன் தொலைபேசியில், "அம்மம்மா, நான் ஒரு பாம்பு வளர்க்கிறன்" என்று சொன்னால் திகைக்க வேண்டியதில்லை. இலங்கையில் நிலைமை வேறு. எம்மவர் வெங்கிணாந்தி என்றழைக்கும் மலைப்பாம்பு இங்கு சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட பிராணி. அதைப் பிடித்து வைத்திருப்பது குற்றமாகும். எனவே இது பெரும்பாலும் கடல் கடந்த வீடுகளின் கதை. கேள்வி மட்டும் எல்லா வீடுகளுக்கும் உரியது.

அவ்வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படும் பாம்புகளுள் ஒன்று ஆபிரிக்காவின் சிறிய மலைப்பாம்பு. பயந்தால் பந்துபோற் சுருண்டுகொள்வதால் ஆங்கிலத்தில் அதைப் பந்துப் பாம்பு என்பதுண்டு. சாதுவானது, நஞ்சில்லாதது. மேற்கு ஆபிரிக்காவின் கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளிலிருந்து பல ஆண்டுகளாக இலட்சக்கணக்கில் ஏற்றுமதி செய்யப்பட்டு வந்திருக்கிறது. காட்டிற் பிடிபட்டவையும், காட்டிலிருந்து எடுத்த முட்டைகளைப் பொரிக்கவைத்துப் பெற்ற குஞ்சுகளும் அவற்றில் அடங்கும். வளர்ப்பவர்களின் வீடுகளிலேயே இனம்பெருக்கப்பட்டவையும் இன்று ஏராளம்.

இப்பாம்பு சில காலம் வைத்திருந்து மறந்துவிடக்கூடிய விளையாட்டுப் பொருள் அன்று. நன்கு பராமரித்தால் இருபது முப்பது ஆண்டுகள் வாழும். அமெரிக்காவின் சென் லூயிஸ் மிருகக்காட்சிச்சாலையில் இவ்வினப் பாம்பொன்று 1961இல் வந்து சேர்ந்தது. 2020இல், அறுபது வயதைக் கடந்த நிலையில், அது முட்டையிட்டு உலகை வியக்க வைத்தது. பத்து வயதுச் சிறுவன் ஆசையோடு வாங்கும் பாம்பு, அவன் தன் பிள்ளைகளோடு வாழும் காலத்திலும் உயிரோடிருக்கலாம்.

காட்டில் அடங்கிய நோய் கூட்டில் ஏன் பெருகுகிறது?

ஒட்டுண்ணி இல்லாத காட்டுப் பிராணி அரிது. பாம்பின் குடலிற் புழு உண்டு. சுவாசப்பையிற் புழு உண்டு. செதில்களின் இடையில் உண்ணி உண்டு. ஆயினும் காட்டிலே இவை பெரும்பாலும் ஓர் அளவோடு நின்றுவிடுகின்றன. காரணம் எளியது. பாம்பு ஓரிடத்தில் மலம் கழிக்கும். பின்னர் வேறிடம் போய்விடும். மலத்தோடு வெளிவந்த புழுமுட்டைகளும் நுண்ணுயிர்களும் வெயிலிற் காயும், மழையிற் கழுவப்படும். திரும்பவும் அதே பாம்பைச் சேர்வது அவற்றிற் சிலவே. உடலிற் சூடு குறைந்தால் பாம்பு வெயிலைத் தேடும். கூடினால் நிழலைத் தேடும். அதன் நோய் எதிர்ப்புச் சக்தியும் அந்தச் சூட்டையே நம்பியிருக்கிறது.

இப்போது அதே பாம்பை மூன்று நான்கு அடி நீளமுள்ள ஒரு பெட்டியில் அடைத்துப் பாருங்கள். அது கழித்த மலத்தின் மேலேயே ஊர்கிறது. அதே தண்ணீரையே குடிக்கிறது. வெளியே போன முட்டை திரும்ப உள்ளே போகிறது. ஒரு புழு பத்தாகிறது, பத்து நூறாகிறது. பெட்டி குளிர்ந்திருந்தால் வெயிலைத் தேடிப்போக வழியில்லை. பிடிபட்ட அச்சமும் பயணக் களைப்பும் சேர்ந்து உடலைத் தளர்த்திவிடுகின்றன. காட்டிலே எட்டத்தில் நின்ற பகைவன் கூட்டுக்குள் எசமானனாகிவிடுகிறான்.

இங்கேதான் எமது கேள்விக்கு முதல் விடை கிடைக்கிறது. கூட்டுப் பாம்பின் நோயிற் பெரும்பகுதி இயற்கை கொடுத்ததன்று. கூடு கொடுத்தது, கூட்டைப் பூட்டியவன் கொடுத்தது. தன் நோயிலிருந்து விலகிச் செல்லும் உரிமையை ஓர் உயிரிடமிருந்து பறித்தவன், அந்த நோயைத் தானே விலக்கக் கடமைப்பட்டவன். இரக்கம் இருந்தாற் செய்யலாம், இல்லாவிட்டால் விடலாம் என்று ஒதுக்கக்கூடிய காரியமன்று இது. இது நீதியைச் சேர்ந்தது. பட்ட கடனைத் தீர்ப்பதற்குத் தருமம் என்று பெயரில்லை.

கண்ணுக்குத் தெரியும் பகையும் தெரியாத பகையும்

பாம்பு வளர்ப்போர் அடிக்கடி சந்திக்கும் ஒட்டுண்ணி பாம்புச் சிற்றுண்ணி. கடுகிலும் சிறியது. குருதி குடித்தபின் கருமையான புள்ளிபோல் தெரியும். கண்ணைச் சுற்றியும் தாடையின் கீழுள்ள மடிப்பிலும் செதில்களின் அடியிலும் பதுங்கும். தாங்க முடியாத அரிப்பினாற் பாம்பு தண்ணீர்ப் பாத்திரத்திற் போய்க் கிடக்கும். "பாம்பு குளிக்கிறது" என்று பிள்ளைகள் மகிழ்ந்துகொண்டிருப்பார்கள். பாம்போ தன்னைத் தின்பவற்றிலிருந்து தப்ப வழி பார்த்துக்கொண்டிருக்கும். பெண் சிற்றுண்ணி தன் வாழ்நாளில் அறுபது எண்பது முட்டைகள் வரை இடும். சூடான கூட்டிலே முட்டை வளர்ந்த சிற்றுண்ணியாக இரண்டு மூன்று வாரங்கள் போதும். சிறிய பாம்புகள் இதனாற் குருதிச் சோகை கண்டு இறப்பதும் உண்டு. சில பற்றீரியாக்களையும் இது ஒரு பாம்பிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்லும். போவா, மலைப்பாம்பு இனங்களை அழிக்கும் கொடிய வைரசு நோய் ஒன்று உண்டு. அதனோடு தொடர்புடைய அரீனா வைரசுகளை அறிஞர்கள் 2012இல் இனங்கண்டனர். அந்நோயைப் பரப்புவதிலும் சிற்றுண்ணிக்குப் பங்கிருக்கலாம் என்ற ஐயம் நிலவுகிறது. மனிதரையும் இது கடித்துத் தோலில் தடிப்பை உண்டாக்குவதுண்டு.

இது கண்ணுக்குத் தெரியும் பகை. தெரியாத பகை இன்னும் கொடியது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிரின் ஓர் இனம் பாம்பின் இரைப்பையிற் குடியேறும். இரைப்பையின் சுவர் தடித்து, பாம்பின் நடுவுடல் வீங்கும். விழுங்கிய இரையைச் சில நாட்களின் பின் கக்கிவிடும். நாளடைவில் மெலிந்து போகும். இதை நிச்சயமாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. வீட்டில் நாம் பாவிக்கும் குளோரின் கலந்த வெளுப்புத் திரவத்துக்கும் இது சாவதில்லை. ஒரு பெட்டியிலிருந்த நோய், கழுவாத கையோடும் இடுக்கியோடும் அடுத்த பெட்டிக்குப் போய்விடும்.

இன்னொரு அமீபா உண்டு. ஆமைகளின் குடலிற் பெரும்பாலும் தீங்கின்றி வாழும். அதுவே பாம்பின் குடலுக்குப் போனால் புண்ணாக்கிக் கொன்றுவிடும். ஆமையையும் பாம்பையும் ஒரே கூட்டில் விடுபவர் கெட்ட எண்ணத்தோடு அதைச் செய்வதில்லை, அறியாமையாற் செய்கிறார். ஆனால் இறந்த பாம்புக்கு அவருடைய நல்லெண்ணத்தால் என்ன பயன்? ஓர் உயிரைப் பொறுப்பேற்பவனுக்கு அன்பு மட்டும் போதாது. அறிவும் அவன் தேடிப் பெறவேண்டிய கடமையாகும்.

முறையிடாத நோயாளி

நோயுற்ற நாய் முனகும். பசு கதறும். குழந்தை அழும். பாம்புக்குக் குரல் இல்லை, கண்ணீரும் இல்லை, மூடித்திறக்க இமைகூட இல்லை. மேலும், நலமான பாம்பே பல வாரங்கள், சில வேளை மாதக்கணக்கில், இரையின்றி இருக்கும். எனவே உண்ணாமையை நோயென்று எவரும் உடனே கருதுவதில்லை. பார்த்தவுடன் நோயாளி என்று சொல்லக்கூடிய நிலைக்குப் பாம்பு வரும்போது நோய் பெரும்பாலும் முற்றிப் போயிருக்கும்.

ஆகவே முறையிடாத நோயாளிக்குச் செய்யவேண்டிய முதற் சிகிச்சை கூர்ந்து பார்ப்பது. எடையைக் குறித்து வைத்தல், தோல் முழுதாகக் கழன்றதா என்று பார்த்தல், வாயைத் திறந்து மூச்சு விடுகிறதா, இரையைக் கக்கியதா, தண்ணீர்ப் பாத்திரத்திற் கரும்புள்ளிகள் கிடக்கின்றனவா என்று கவனித்தல் ஆகிய இவை பணம் செலவில்லாத வைத்தியம். புதிதாக வந்த பாம்பை மற்றப் பாம்புகளோடு சேர்க்காமல் இரண்டு மூன்று மாதங்கள் வேறறையில் வைக்கவேண்டும். அதற்கெனத் தனிப் பாத்திரமும் தனி இடுக்கியும் வேண்டும். நிலத்தில் வெறும் கடதாசி விரித்தால் மலமும் சிற்றுண்ணியும் உடனே கண்ணிற்படும்.

மற்றது வைத்தியரின் வேலை. ஊர்வனவற்றுக்கெனத் தேர்ச்சி பெற்ற மிருக வைத்தியர்கள் இன்று உள்ளனர்; அவர்களுக்கென அமெரிக்காவில் 1991இல் ஒரு சங்கமும் அமைந்தது. அவர்கள் புதிய மலத்தை நுணுக்குக்காட்டியில் ஆராய்வர். நோய்க்கிருமி எல்லா நாளும் மலத்தோடு வெளிவருவதில்லையாதலால் பரிசோதனையைத் திரும்பவும் செய்வர். பாம்பை நிறுத்து மருந்தின் அளவைக் கணிப்பர். கூட்டின் சூட்டையும் கேட்டறிவர். குளிர்ந்த பாம்பின் உடலில் மருந்து சரிவர வேலை செய்யாது.

நாமே பூச்சி மருந்து கொடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் ஒன்றை அறியவேண்டும். ஐவர்மெக்டின் என்ற மருந்தைப் பல பாம்புகளுக்கு வைத்தியர் அளந்து கொடுப்பதுண்டு. அதே மருந்து ஆமைக்கு உயிர்க்கொல்லி. குடற்புழுவுக்குக் கொடுக்கும் மருந்துகளும் அளவு மீறினால் நஞ்சாகும். ஆடு மாட்டுக்கு வாங்கிய மருந்திற் கொஞ்சம் மீதியிருக்கிறதே என்று ஊற்றுவது வைத்தியமாகாது.

விலையும் மதிப்பும்

இனி மிகவும் கூர்மையான ஆட்சேபத்துக்கு வருவோம். அந்நாடுகளில் சாதாரணப் பாம்பொன்றின் விலையைவிட வைத்தியரின் கட்டணமும் பரிசோதனைச் செலவும் கூடிவிடுவது வழமை. "இதற்கேன் இவ்வளவு பணம்? செத்தால் இன்னொன்றை வாங்கலாமே" என்று சிலர் கணக்குப் பார்க்கின்றனர். கடைக் கணக்கில் இது சரி. ஒரு மணிக்கூடு பழுதானால் அப்படித்தான் செய்கிறோம்.

ஆனால் மணிக்கூட்டுக்கு நோவு இல்லை. பாம்புக்கு நோவு உண்டு. ஓர் உயிரின் அறிவை அளப்பதை விட்டு அதன் வேதனையைப் பாருங்கள் என்று ஆங்கிலேய அறிஞர் பெந்தம் 1789இல் வாதிட்டார். இன்றைய மிருக வைத்தியமும் ஊர்வன நோவை உணரும் என்று கொண்டே சத்திர சிகிச்சையில் அவற்றுக்கு மயக்க மருந்தும் நோவு தணிக்கும் மருந்தும் கொடுக்கிறது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2006ஆம் ஆண்டின் மிருக நலச் சட்டம், வளர்ப்புப் பிராணியை நோவு, காயம், நோய் ஆகியவற்றிலிருந்து காப்பதை அதற்குப் பொறுப்பானவரின் கடமையாக்கியது. முதுகெலும்புள்ள எல்லாப் பிராணிகளுக்கும் அச்சட்டம் பொருந்தும். நாய்க்கு ஒரு நீதி, பாம்புக்கு ஒரு நீதி என்று அது பிரிக்கவில்லை.

மறுபக்கமும் பேசவேண்டும். பசித்த மனிதர் அயலில் இருக்கையில் பாம்புக்குப் பணத்தைக் கொட்டலாமா? இது நியாயமான கேள்வி. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி இரு பக்கங்களையும் சேர்த்தே பேசுகிறது. மிருகங்களுக்கு அன்பு காட்டக் கடமைப்பட்டிருக்கிறோம் என்றும், வீணாக அவற்றை வதைப்பது மனித மாண்புக்கு இழுக்கு என்றும் கூறும் அதே நூல், மனிதரின் துயர் துடைக்க முதலிற் சேரவேண்டிய பணத்தை மிருகங்களுக்குச் செலவிடுவதும் தகாது என்கிறது. இவ்விரண்டையும் ஒருங்கே கைக்கொள்ள வழி உண்டா? உண்டு. பாம்பை வாங்குமுன்னரே கணக்குப் பார்ப்பதுதான் அந்த வழி. வைத்தியச் செலவைத் தாங்க முடியாதவன், அல்லது அந்தப் பணத்துக்கு அவசரமான வேறு கடமை உள்ளவன், பாம்பை வாங்காதிருக்க முற்றிலும் சுதந்திரமுடையவன். வாங்கியபின் அந்தச் சுதந்திரம் இல்லை. ஏழையைக் காரணம் காட்டி நோயாளியைக் கைவிடுகிறவன் அந்தப் பணத்தை ஏழைக்கும் கொடுப்பதில்லை என்பதே நாம் பெரும்பாலும் காணும் உண்மை.

"பாம்பு என்னை நேசிக்கிறதா? வாலை ஆட்டுகிறதா?" என்றும் கேட்பர். இல்லைதான். பாம்பு தன் எசமானுக்காக ஏங்குவதில்லை. ஆனால் கைம்மாறு கிடைக்கும் இடத்தில் மட்டும் செய்வது வியாபாரம். நன்றி சொல்லத் தெரியாத உயிருக்கு, எவரும் பார்க்காத அறையில், நள்ளிரவிற் கூட்டைக் கழுவிச் சூடு பார்த்து மருந்து கொடுப்பவனிடமே கடமையுணர்வின் சுத்தமான உருவத்தைக் காண்கிறோம். நினைவிழந்த முதியவரைப் பராமரித்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வீட்டாரும் அயலாரும்

பாம்புக்குப் பட்ட கடனைப் பேசும்போது பிள்ளைகளுக்குப் பட்ட கடனை மறந்துவிடலாகாது. நலமாகத் தோன்றும் ஊர்வனவும் சல்மனெல்லா என்ற பற்றீரியாவைக் குடலிற் சுமப்பது வழமை. அமெரிக்காவில் குட்டி ஆமைகளால் எத்தனையோ குழந்தைகள் நோயுற்றதாலேயே, நான்கு அங்குலத்திலும் சிறிய ஓடுள்ள ஆமைகளை விற்பது 1975இல் தடைசெய்யப்பட்டது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டில் ஊர்வன வேண்டாம் என்பது அந்நாட்டுச் சுகாதார அதிகாரிகளின் அறிவுரை. முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் நோயால் உடல் தளர்ந்தோருக்கும் ஆபத்து அதிகம். பாம்பின் இரைக்கென விற்கப்படும் உறைந்த எலிகளாலும் இந்நோய் பரவியிருக்கிறது. பாம்பைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுவதும், அதன் பாத்திரங்களைச் சமையலறைக்குக் கொண்டுவராமையும் அயலான்மேற் கொண்ட அன்பின் சின்னஞ்சிறு செயல்கள்.

கடைசியாக ஒரு பெரும் பாவனை. வளர்க்க முடியாமற் போனதும் "விடுதலை கொடுக்கிறேன்" என்று பாம்பைக் காட்டிலே விட்டுவிடுவோர் உளர். கேட்க எவ்வளவு இனிமையான சொல்! அதன் விளைவை அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திற் காணலாம். ஆசியாவிலிருந்து வளர்ப்புக்கென வந்த பர்மிய மலைப்பாம்பு, தப்பியும் விடப்பட்டும், எவர்கிளேட்ஸ் என்ற பெரும் சதுப்பு நிலத்திற் பெருகி, 2000ஆம் ஆண்டளவில் அங்கு நிலைகொண்டுவிட்டதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ரக்கூன் என்ற சிறு மிருகம் அங்கு கண்ணிற்படுவது 99 வீதத்துக்கும் மேலாகக் குறைந்துவிட்டதென 2012இல் வெளியான ஆய்வொன்று கூறியது. அத்தோடு முடியவில்லை. அப்பாம்புகள் தம் சுவாசப்பையில் ஓர் ஆசிய ஒட்டுண்ணியையும் கொண்டு வந்திருந்தன. நாக்குப்புழு என்று பெயர். உண்மையில் இறால், நண்டு ஆகியவற்றுக்கு உறவானது. அந்நாட்டுப் பாம்புகளுக்கும் அது தொற்றிவிட்டதை 2018இல் ஆய்வாளர் அறிவித்தனர். மலைப்பாம்பு இன்னும் போய்ச் சேராத இடங்களுக்கும் அது பரவியிருக்கிறது. சுவாசப்பையில் அதைச் சுமந்தபடி அங்குள்ள சிறு விரியன்கள் இறந்து கிடந்ததும் பதிவாகியுள்ளது.

ஒரு வீட்டுக் கூட்டிற் கவனிக்காமல் விட்ட ஒட்டுண்ணி ஒரு நாட்டின் காட்டையே நோயாளியாக்க வல்லது. ஒருவன் தன் பொறுப்பை இறக்கி வைத்தான். சுமந்தவை அவன் பெயரே அறியாத உயிர்கள்.

குணமாக்க முடியாத நோய் வந்தால்? இரையைக் கக்கிக் கக்கி எலும்பும் தோலுமாகும் பாம்பை மாதக்கணக்கில் வாடவிடுவது அன்பாகாது. உறையவைக்கும் பெட்டியில் இட்டுச் சாகடிப்பதும் தவறு. அது நோவில்லாத மரணம் அன்று. வைத்தியர் கையால் மயக்கமூட்டி அமைதியான முடிவைக் கொடுப்பது, சிறைப்படுத்தியவன் செலுத்தும் கடைசித் தவணை. தன் பாம்புக்குத் தொற்றுநோய் உண்டென்று அறிந்தும் மறைத்து விற்கிறவன், பாம்புக்கும் வாங்குகிறவனுக்கும் ஒருங்கே துரோகம் செய்கிறான்.

அன்பான பெற்றோரே, உங்கள் பிள்ளை கேட்பது பாம்பாக இருக்கலாம். கிளியாக, மீனாக, நாய்க்குட்டியாகவும் இருக்கலாம். விலையைக் கேட்குமுன் வேறு சில கேள்விகளைப் பிள்ளையோடு அமர்ந்து கேளுங்கள். இது எங்கிருந்து வந்தது? எத்தனை ஆண்டு வாழும்? இதற்கு நோய் வந்தால் பார்க்கத் தெரிந்த வைத்தியர் அருகில் உள்ளாரா? அந்தச் செலவு எங்கிருந்து வரும்? உனக்கு ஆசை தீர்ந்த பின்னும் இதன் கூட்டைக் கழுவுவாயா? விடை சொல்ல முடியாவிட்டால், வாங்காமல் திரும்புவதே அந்த உயிருக்கு நீங்கள் காட்டும் முதல் அன்பு. விடை சொல்லி வாங்கிவிட்டால், அது ஒரு வாக்குறுதி. கேட்டு வாங்க வாயில்லாத ஒன்றுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் பிள்ளை, மனிதருக்குக் கொடுக்கும் வாக்கையும் காப்பாற்றப் பழகிக்கொள்வான்.